பொன்னழகு பேரில் ஒரு பயணம்

திண்டுக்கல் நாகல் நகரில் கப்பலேறப் போகிற யாரும் முதலில் விசாரித்துக்கொண்டு வருவது பொன்னழகு வீட்டுக்குத்தான். அந்தத் தெருவிலிருந்து மலேயாவுக்குப் போய்த் திரும்பிய ஆண்பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் கப்பலைப் பற்றிக் கேட்டால் பினாங்கு கடைத்தெருவில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுவார்கள். பாயை எந்தப் பக்கம் விரிப்பது, குடிதண்ணீரை எதில் பிடித்து வைப்பது என்றெல்லாம் அந்த மகராசன்களுக்கு எங்கே தெரிந்தது? அதையெல்லாம் கூடப் போன பெண்கள்தானே பார்த்துக்கொண்டார்கள்!

பொன்னழகு பகலெல்லாம் புகையிலைக் கிட்டங்கியில் இலையின் நடு நரம்பைக் கிழிக்கிற வேலை பார்ப்பாள். சாயங்காலம் வந்து சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்தால், கேட்க வந்தவர்கள் எதிரே உட்காருவார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். சிரிக்க மாட்டாள். பெருமூச்சு விட மாட்டாள். தன் கதையை நடுவில் நுழைக்கவும் மாட்டாள்.

"டெக்குல இடத்துக்கு நம்பரு கிடையாது. ஏறின கையோட பாய விரிச்சவகளுக்குத்தான் இடம். கப்பலுக்கு நட்டநடுவுல விரிங்க, ஆட்டம் கம்மியா இருக்கும். அடுப்படிப் பக்கமும் கக்கூசுப் பக்கமும் வேணாம்."

"சாப்பாடு போடுவாகளா தாயி?"

"சோறும் பருப்பும் போடுவாக. நம்ம வாய்க்கு விளங்காது. எலுமிச்சங்கா ஊறுகா, புளிக்காச்சல், வறுத்த மாவு எடுத்துக்கங்க. வெஞ்சனம் இருந்தா எந்தச் சோறும் இறங்கும்."

"வாந்தி வரும்னு சொல்றாகளே?"

"வரும். வயித்தக் காயப் போட்டா இன்னும் வரும். சுக்குத் துண்ட கடவாயில அடக்கிக்கிட்டுக் கண்ண மூடிப் படுங்க. அலையவே பாத்துக்கிட்டு இருக்காதீக."

ஊசியைப் பற்றிக் கேட்டால், அம்மைக்கும் காலராவுக்கும் முன்கூட்டியே குத்திக்கொள்ளச் சொல்வாள். கை வீங்கிக் காய்ச்சல் வரும். காய்ச்சலோடு போனால் டாக்டர் கரையிலேயே நிறுத்திவிடுவார். பட்டுச்சேலை கொண்டு போகலாமா என்று எந்தப் புதுப்பெண்ணாவது கேட்டால், வேண்டாம் என்பாள். பினாங்குக்கு எதிரே ஒரு தீவில் டெக்குக்காரர்களை இறக்கி, நோய் பரவாமலிருக்கத் துணிமணியையெல்லாம் ஆவியில் போட்டு எடுப்பார்கள், பட்டு சுருண்டுபோகும். அவளுடைய கூறைப்பட்டு அப்படித்தான் சுருண்டது. அதை மட்டும் சொல்ல மாட்டாள்.

பொன்னழகு வடமதுரைக்குப் பக்கத்து ஊர்க்காரி, மலைச்சாமியின் மூத்த மகள். மலைச்சாமிக்குக் கடலையும் கத்தரியும் விளைகிற கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. ஜப்பான் சண்டை முடிந்து கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்த சமயத்தில் அவளைச் சோலைமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்தார். சோலைமுத்து மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தான். கையோடு கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஆறு வருஷம் அவனோடு குப்பை கொட்டினாள். விடியுமுன் எழுந்து பாலுக்கு ரப்பர் மரத்தைக் கீறினாள். வயிற்றில் இரண்டு தடவை தங்கியது, இரண்டு தடவையும் நிற்கவில்லை. இடையில் அந்த நாட்டில் காட்டுக்குள் துப்பாக்கிச் சண்டை வந்தது. தோட்டத்து ஆட்களையெல்லாம் முள்கம்பி வேலிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். "நீ ஊர்ல போயி இரு. இது ஓஞ்சதும் கூப்பிடுறேன்" என்று சொல்லி அவளைக் கப்பலேற்றிவிட்டான் சோலைமுத்து.

சண்டை ஓய்ந்தது. அவன் கூப்பிடவில்லை.

முதலில் கடுதாசி வந்துகொண்டிருந்தது, அப்புறம் அதுவும் தீபாவளிக்குப் பொங்கலுக்கு என்று ஆனது. கிட்டங்கி வேலைக்கென்று நாகல் நகருக்குக் குடிவந்த அவள் கொஞ்ச காலம் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். எந்த நாளில் அது நின்றது என்று அவளுக்கே தெரியாது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. மரத்த நேரத்தை யார் கவனிக்கிறார்கள்? கிட்டங்கிக்குப் போனாள், வந்தாள், உலை வைத்தாள், கேட்டவர்களுக்குக் கப்பல் சொன்னாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆவணியில் சோலைமுத்து மாமனாருக்கு எழுதினான். அந்த ஊரில் சட்டத்தை இறுக்குகிறார்களாம். ரொம்ப வருஷமாகப் பிரிந்திருக்கிற பெண்டாட்டிமார் இந்த வருஷம் முடிவதற்குள் வந்து சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் அப்புறம் உள்ளே விட மாட்டார்களாம். ஆகவே பெண்ணை அனுப்பி வைக்கவும்.

மலைச்சாமி கடுதாசியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறி நாகல் நகருக்கு வந்தார். கூடவே சின்ன மகள் பேச்சாயியையும் கூட்டி வந்திருந்தார். கடுதாசியைப் படிக்கக் கேட்டதும் பொன்னழகின் கண் பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குப் போனது. கிட்டங்கியில் சொல்லிக்கொள்ள வேண்டும், ஊசி போட வேண்டும் என்று மனசு தானாகவே ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் அப்பா தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொண்டே பேசினார். மகள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"நீ போயி என்ன தாயி ஆகப் போகுது? அவனுக்கு ஒரு புள்ள வேணும்ல. வெளியில ஒருத்தியக் கட்டிக்கிட்டான்னா நீ நடுத்தெருவுல நிப்ப. நம்ம பேச்சின்னா உன்னையும் விட்டுர மாட்டா. உன் பேருலயே அவ போகட்டும். நம்ம பொம்பளைக பேரையும் வயசையும் அங்க எவன் பாக்குறான்?"

"ஐயா, அக்காதான போகணும்?" என்றாள் பேச்சாயி. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மலைச்சாமி கடுதாசியை மடித்து மறுபடி மடியில் செருகினார்.

நான்தான் போவேன் என்று பொன்னழகு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சட்டப்படி அவள் இடம், அவள் பேர், அவள் புருஷன். சொல்லியிருந்தால் மலைச்சாமி அடங்கியிருப்பார். அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. கேட்கிற நமக்கு வயிறு எரிகிறது. அவளுக்கு எரியவில்லை. "அவுகளுக்கு எழுதிக் கேட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள். எழுதினார்கள். பதில் வந்தது. எவளை அனுப்பினாலும் சரி, வருஷம் முடியுமுன் அனுப்பவும் என்று இருந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு படக்கடை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க அக்காளும் தங்கையும் போனார்கள். பொன்னழகுதான் பேச்சாயிக்குத் தலை வாரி, தன்னைப் போல நெற்றி மேலேற்றிச் சீவி, தன் சேலையைக் கட்டிவிட்டாள். படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, "யாரும்மா உக்காரப் போறது?" என்றார். ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. பேச்சாயி அக்காளைப் பார்த்தாள். பொன்னழகு சுவரோரமாக நகர்ந்துகொண்டாள்.

தாலி இல்லாமல் பெண்டாட்டி என்று சொல்லிக் கப்பலேற முடியுமா? சோலைமுத்து வரவில்லை. அவன் அக்காள் வந்து, தம்பிக்குப் பதிலாகத் தானே பேச்சாயி கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டுப் போனாள். மேளம் கிடையாது, பந்தி கிடையாது. பொன்னழகுதான் கயிற்றுக்கு மஞ்சள் தேய்த்துக் கொடுத்தாள். கையில் ஒட்டிய மஞ்சள் போக நேரமாகும் என்று நினைத்தாளே தவிர, வேறொன்றும் நினைக்கவில்லை.

ஐப்பசியில் பாஸ்போர்ட் வந்தது. பேர் பொன்னழகு, முகம் பேச்சாயி. ஏற்பாடு செய்த ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து எச்சரித்துவிட்டுப் போனார்.

"நாகப்பட்டணத்துல ஆபீசர் ரெண்டே கேள்விதான் கேப்பாரு. உன் பேரு என்ன, புருசன் பேரு என்ன. டக்குனு வரணும். ஊர்நாட்டுப் பொம்பளைக புருசன் பேரச் சொல்ல மாட்டேன்னு ஊமையா நிக்குதுக. முந்தி மாதிரி இல்ல, இப்பச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிடுறாக."

பேச்சாயி அக்காள் வீட்டிலேயே தங்கினாள், அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பாடம் நடந்தது. பாய், செம்பு, சுக்கு, ஊறுகாய் எல்லாம் பேச்சாயிக்குச் சீக்கிரமே மனப்பாடமாகிவிட்டது. "உன் பேரு என்ன?" என்றால் "பொன்னழகு" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லவும் பழகிவிட்டாள்.

"புருசன் பேரு?"

பேச்சாயி வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று தாய்ப்பாலோடு ஊட்டியிருக்கிறார்களே! கயிறு ஏறுவதற்கு முன்னால் அது ஊரில் இருக்கிற பேர்களில் ஒன்று. இப்போது நாக்கில் ஏறவில்லை.

"நீ ஒருக்காச் சொல்லிக் காட்டு அக்கா. அப்படியே நான் திருப்பிச் சொல்லிடுறேன்."

கல்யாணமான நாளிலிருந்து பொன்னழகும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. தோட்டத்தில் கங்காணி அதட்டிக் கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்றவளைச் சொல்ல வைத்தாள். கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்தாயிற்று. இது ஒன்று மிச்சம் இருந்தது.

"அது மட்டும் என்னால ஆகாதுடி. நீ மனசுக்குள்ள சொல்லிப் பழகிக்க" என்று எழுந்து போய் அடுப்பை மூட்டினாள்.

கார்த்திகைக் கடைசியில் மூவரும் ரயிலேறித் திருச்சியில் மாறி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் கரைக்கு வராமல் தூரத்தில் கடலிலேயே நின்றது. கரையில் ஒரு நீளமான கொட்டகை, அதற்குள் மேசை, மேசைக்குப் பின்னால் ஆபீசர். மலைச்சாமியைப் பெட்டிகளோடு வெளியில் நிறுத்திவிட்டார்கள். துணைக்கு ஒரு பொம்பளை வரலாம் என்று பொன்னழகை உள்ளே விட்டார்கள்.

"பேரு?"

"பொன்னழகு."

ஆபீசர் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"புருசன் பேரு?"

பேச்சாயி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஆபீசர் மறுபடி கேட்டார். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலில் கட்டிக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஆபீசர் பாஸ்போர்ட்டை மூடி மேசையில் ஓரமாக வைத்தார்.

பொன்னழகு பேசாமல் நின்றால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். தங்கை திரும்பி வந்துவிடுவாள். வருஷம் முடிந்துவிடும். அங்கே யாரும் போக மாட்டார்கள், அந்த வீடு அவளுக்கும் இல்லாமல் பேச்சாயிக்கும் இல்லாமல் போய்விடும். இது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தங்கையின் கழுத்தில் கிடந்த புது மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். அதோடு ஊருக்குத் திரும்பினால் இவள் கதி என்ன?

"சோலைமுத்து" என்றாள்.

சத்தமாகவே சொன்னாள். நாக்கு தடுக்கவில்லை. கடைக்காரன் பேரைச் சொல்வது போல வந்து விழுந்தது.

ஆபீசர் நிமிர்ந்தார். "அவ புருசன் பேர நீ சொல்றியேம்மா. அவளுக்கு வாயில்லையா?"

"எங்க பக்கத்துல கட்டுனவ சொல்ல மாட்டா, சார். மத்தவக சொல்லலாம்."

அவரும் நம்ம பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது, லேசாகச் சிரித்தார். "நீ யாரு?"

"கூடப் பொறந்தவ."

"பேரு?"

"பேச்சாயி."

அவர் முத்திரையைக் குத்திப் பாஸ்போர்ட்டைப் பேச்சாயி கையில் கொடுத்தார்.

படகுக்குக் கூப்பிடும்வரை மணலில் உட்காரச் சொன்னார்கள். மலைச்சாமி டீ வாங்கிவரப் போனார். பொன்னழகு தங்கையின் தலையை ஒதுக்கிவிட்டு, விட்டுப்போன ஒரு விஷயத்தைச் சொன்னாள். "படகு கப்பல் ஓரமாப் போனதும் ஏணி தொங்கும். அலை மேல தூக்குறப்ப ஏணியில கால வையி. கீழ இறங்குறப்ப வச்சிராத."

"சரிக்கா." பேச்சாயி கொஞ்ச நேரம் மணலைக் கிளறினாள். "அக்கா, அவுக உன்னையப் பத்திக் கேட்டா நான் என்ன சொல்ல?"

இத்தனை வருஷத்தில் கப்பலேறுகிறவர்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் பொன்னழகு யோசித்தது கிடையாது. இதற்கும் யோசிக்கவில்லை.

"கேக்க மாட்டாக."

படகுக்காரன் தாளைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கத்த ஆரம்பித்தான். கூட்டம் முண்டியடித்தது. அழுகையும் சத்தமுமாக இருந்தது. இவர்கள் இருவரும் அழவில்லை. அப்பா இன்னும் வரவில்லையே என்று பேச்சாயி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொன்னழகு! பொன்னழகு யாரும்மா?"

"இந்தா வாரேன்" என்று பொன்னழகு எழுந்துவிட்டாள். இரண்டு அடி நடந்தும்விட்டாள். அப்புறம் நின்று, குனிந்து, தங்கையின் தோளைத் தொட்டாள்.

"எந்திரிடி. உன்னத்தான் கூப்பிடுறாக."