அக்கா நேர்ந்து கட்டிய காந்தம்

புற்றுநோய்க் கலங்களை, அதாவது செல்களை, காந்தங்களுக்கு நடுவில் வைத்து, அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. கூடாமல் குறையாமல் ஒரே அளவில் நிற்கும் காந்தப்புலம். கண்ணாடித் தட்டில் வளரும் கலங்கள். ஒரு முறை அவை பெருகும் வேகம் கொஞ்சம் குறையும். அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தால் ஒரு மாற்றமும் இருக்காது. இன்னொரு முறை கரண்ட் போய் எல்லாமே செத்துக் கிடக்கும். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் நோயைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது. தேற்றாத்தீவில் இருக்கும் என் அக்காவுக்கு இதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அவள் காதில் விழுந்தது "குறையும்" என்பது மட்டும்தான்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. சோதித்துப் பார்த்துப் புற்றுநோய்தான் என்றார்கள். கீமோ ஊசி மருந்தை உடனே தொடங்க வேண்டும் என்றார் டொக்டர். அக்கா வீட்டுக்கு வந்து, பழுதாய்ப்போன ஸ்பீக்கரைக் கழற்றி, அதிலிருந்த வட்டக் காந்தத்தை மஞ்சள் துணியில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். சும்மா கட்டியிருந்தாலாவது பிடுங்கி எறிந்திருப்பேன். கண்ணகி அம்மனுக்கு நேர்ந்து கட்டிவிட்டாள். வருடத்துக்கு ஒருமுறை வரும் வைகாசிச் சடங்குக்குக் கோயில் கதவு திறக்கும் வரை அவிழ்க்கக் கூடாதாம். எங்கள் பக்கத்தில் நேர்ந்து கட்டியதன் மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். அத்தானும் வலையைத் தூக்கிக்கொண்டு வாவிக்குப் போய்விட்டார்.

"அக்கா, அது பாட்டுக் கேக்கிற பெட்டிக் காந்தம். ஒண்டும் செய்யாது."

"நீதானேகா தங்கச்சி சொன்னாய், காந்தத்துக்குக் கிட்ட வெச்சா வளராதெண்டு."

"தட்டுல வளக்கிற கலம் வேற, உங்கட உடம்பு வேற."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு காலமும் அதையே புடிச்சிக்கிட்டுக் கிடக்காய்?"

என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியர்கூட என்னை இப்படி மடக்கியதில்லை. கோபத்தில் ஊற்றிவைத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

பிறகு அவளுக்கு முதுகு வலி தொடங்கியது. நோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று தெரிய வேண்டும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுங்கள் என்றார்கள். துணியை அவிழ்க்க மாட்டேன் என்ற பிடிவாதத்தோடுதான் அக்கா ஆஸ்பத்திரிக்கே வந்தாள். வழி நெடுகக் கெஞ்சியும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். அசையவில்லை.

ஸ்கேன் அறைக்கு வெளியே நின்ற பெண் ஊழியர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இதோட உள்ள போகேலாது. உள்ள இரிக்கிறது இதவிட எவ்வளவோ பெரிய காந்தம். இது பறந்துபோய் மெசினில ஒட்டிடும்."

"உள்ள இரிக்கிறதும் காந்தமா?" அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானே முடிச்சை அவிழ்த்து, பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "பெரிசே கிடைச்சிட்டு. அம்மன் ஒண்டும் சொல்லமாட்டா."

"அக்கா, அது படம் புடிக்கிற மெசின். வருத்தத்தச் சுகமாக்காது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

முடிவைக் கேட்கப் போன அன்று, முதுகெலும்புக்குப் பரவவில்லை என்றார் டொக்டர். அடுத்த வாரமே ஊசியைத் தொடங்கலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. வெளி விறாந்தைக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"பாத்தியா? காந்தந்தான் பரவ விடாம மறிச்சு வெச்சிரிக்கு. இனி ஊசி தேவயில்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்கேன் படத்தைக் கிழித்து எறியலாம் போலிருந்தது. ஒரேயொரு நல்ல செய்தி வந்தது, அதையும் தூக்கிக் காந்தத்தின் கணக்கில் போட்டுவிட்டாள்.

"கட்டி அப்படியே கிடக்கு அக்கா!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "காந்தம் உங்களக் காப்பாத்தாது. நான் அதுலதான் வேல செய்யிறன். எனக்குத் தெரியாதா?"

அக்கா சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குரல் இறங்கியிருந்தது.

"எனக்கும் தெரியும்கா. ஆனா காந்தம் நோகாதே."

 இத்தனை நாளும் கலம், தட்டு, காந்தப்புலம் என்று இவளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பயமா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"ஊசி கனக்க நோகுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன். "வயித்தப் பிரட்டிச் சத்தி வரும். மயிரும் கொட்டும். நான் பக்கத்துல இரிப்பன்."

அக்கா ஆஸ்பத்திரிக் கேற்றுக்கு அப்பால் போகிற பஸ்களைப் பார்த்தாள்.

"அப்ப அடுத்த கிழம பாப்பம்" என்றாள்.

பாப்பம் என்றுதான் சொன்னாள். வாறன் என்று சொல்லவில்லை.