பதினொரு இடங்களில் விடுபட்ட நியூ

பாறசாலை சந்திப்பில் இருந்த டி.டி.பி. கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அந்த ஆய்வேடு வந்தது. கொண்டுவந்தவர் ஒற்றசேகரமங்கலத்துக்காரர், கல்லூரியில் கணக்கு டீச்சர். நீர் ஓடும் விதத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்றார். எனக்குப் புரிந்தது வேறு: பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடுகள், ஆறேழு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும், சமக்குறிகள் எல்லாம் ஒரே நேரில் நிற்க வேண்டும். ஆல்பா, பீட்டா, ரோ என்று ஒவ்வொரு எழுத்தையும் மவுஸால் தேடி எடுத்து வைக்க வேண்டும். சில பக்கங்கள் அரைநாளை விழுங்கின.

மூன்று மாதத்தில் முடித்தேன். டீச்சர் படித்துப் பார்த்து, சரி என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதித் தந்தார். அச்செடுத்த ஐந்து பிரதிகளையும் ஒரு புதன்கிழமை காலை நெய்யாற்றின்கரைக்கு பைண்டிங்குக்குக் கொண்டுபோனார். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுக்கக் கடைசி நாள்.

அன்று மதியம் கிரேக்க எழுத்துப் பட்டியல் ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டப் போனேன். பதின்மூன்றாவது எழுத்தில் கண் நின்றது. நியூ. பார்த்தால் ஆங்கில வி மாதிரியே இருந்தது, வலது கை மட்டும் கொஞ்சம் வளைந்து.

மூன்றாம் அத்தியாயத்தில் டீச்சர் சில வரிகளில் வி-யை அடுத்தடுத்து இரண்டு தடவை எழுதியிருந்தார். கைத்தவறு என்று நினைத்து ஒன்றை நானாகவே விட்டிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதி கடையிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அடுத்தடுத்து இருந்த இரண்டில் ஒன்று வி இல்லை, நியூ. பதினொரு இடம்.

முதலாளியிடம் சொன்னேன்.

"சும்மா இரி பிள்ளே. டீச்சரே பாத்து சரின்னு எழுதித் தந்ததாக்கும். இனி ஆரு இதைப் போயி நோக்கப் போறா?"

அரைமணி நேரம் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை. "நெய்யாற்றின்கரை வரை போயிட்டு வாறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அமரவிளை செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றது. டீச்சரிடம் சொல்லவேண்டிய முதல் வாக்கியத்தை மனதுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

பைண்டிங் கடையில் தைத்து ஒட்டிய ஐந்து பிரதிகளும் இறுக்கிப் பிடிக்கும் மரச்சட்டத்தில் இருந்தன. டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து அட்டைக்கான எழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கையோடு கொண்டுபோயிருந்த கையெழுத்துப் பிரதியில் அந்தப் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தேன்.

"டீச்சர், இதுல ஒரு எழுத்தை நான் விட்டுப்போட்டேன்."

அவர் தாளை வாங்கி அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"எத்தனை இடத்துல உண்டு?"

"பதினொண்ணு."

"நானும் வாசிச்சேனே மக்கா. மோளுக்குக் காய்ச்சல், கட்டில்ல அவ பக்கத்துல இருந்து வாசிச்சதாக்கும். நான் எழுதினதுதான் இருக்கும்னு ஓட்டமா ஓட்டிப்போட்டேன்."

பைண்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அட்டை இன்னும் போடேல்ல. பிரிக்கலாம். நாளைக்கு உச்சைக்கு முன்ன தாளு வேணும்."

மறுநாள் கடை திறக்கும்போதே டீச்சர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு எழுத்தைச் சேர்த்ததும் ஓரிடத்தில் வரி நீண்டு ஓரத்தைத் தாண்டியது. அதை இரண்டாக உடைத்தேன். கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு இறங்கியது. இப்படியே இறங்கினால் அத்தியாயம் முழுவதும் பக்க எண் மாறும். கரண்ட் போய்விடுமோ என்று வேறு பயம். டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டே, சமன்பாட்டுக்கு மேலே இருந்த இரண்டு வாக்கியங்களைக் காட்டினார்.

"இதை எடு. இல்லேன்னாலும் ஒண்ணுமில்ல."

எடுத்தேன். வரி மேலே ஏறி நின்றது. சமக்குறிகளை ஒவ்வொன்றாக நேராக்கினேன். பதினொரு மணிக்கு அச்சு முடிந்தது. அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பட்டம் கிடைத்ததையும் பிறகு முதலாளிதான் சொன்னார். டீச்சர் அதற்கப்புறம் கடைக்கு வரவில்லை. கோபமா, வேலை இல்லையா, தெரியாது. அடுத்து ஒருவர் கணக்கு நோட்ஸ் கொண்டுவந்தபோது முதல் பக்கத்திலேயே ஏழு சந்தேகம் கேட்டேன். அவர் எரிச்சலோடு பதில் சொன்னார். எட்டாவதையும் கேட்டேன்.