தந்தியில் வந்த ‘சீரியஸ்’

லீவுப் பிரிவுக் குமாஸ்தாவுக்கு எல்லார் வீட்டு நோயும் தெரியும். ஒருவரையும் ரயிலேற்றிவிடும் அதிகாரம் கிடையாது. அந்த நாற்காலியில் தேய்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில் செம்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் நான் நேரில் கண்டவை இவை. சுடலைமுத்து என்ற தொழிலாளியைப் பற்றிய முடிவை மட்டும், இரண்டாண்டு கழித்து, தாராவியில் அவன் பக்கத்து வீட்டுத் தையற்காரர் சண்முகமும், மான்குர்தில் அவன் சித்தி மகள் பேச்சியம்மாளும் தனித்தனியே சொல்லக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அதிரசம்

‘மதர் சீரியஸ்’ என்ற தந்திக்கு எங்கள் தொழிலாளிகளிடையே மூன்று பொருள் வழங்கின: உயிர் ஊசலாடுகிறது; உயிர் போய்விட்டது, வழியில் மனம் உடையாமல் வந்து சேர்; பெண் பார்த்திருக்கிறோம், லீவு எடு. மூன்றாம் பொருளில் ஊருக்குப் போன பரமசிவன், திரும்பியதும் நன்றி மறவாமல் மாட்டுங்காவில் குடியிருந்த எங்கள் சூப்பரின்டெண்டெண்டின் மேசைமேல் ஒரு பொட்டலத்தை வைத்தான்.

“எங்க அம்மை கையால சுட்ட அதிரசம் சார், எடுத்துக்கிடுங்க.”

சர்ட்டிபிகேட்

அன்று பிறந்தது விதி: ‘சீரியஸ்’ என்று தந்தி வந்தால் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். அதில் முதலில் சிக்கியவன் சுடலைமுத்து. அவன் ஊரில் டாக்டர் கிடையாது. பக்கத்து ஊரில் வாங்கினாலும் தபாலில் வர ஒரு வாரம். ரயிலில் போய்ச் சேர மூன்று நாள். அவன் ஒரே மகன்; தாயின் வாயில் கடைசிப் பால் ஊற்ற வேண்டியவன்.

சூப்பரின்டெண்டெண்ட் தந்தியை ஒரு விரலால் தள்ளிவிட்டார். மறுப்பை டைப் அடித்தவன் நான். அந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை. பாதி அவர்மேல், பாதி என்மேல். சுடலைமுத்து குரலை உயர்த்தாமல் கேட்டான்:

“உசுரோட இருந்தா சர்ட்டிபிகேட் கேக்கிய, செத்தா நம்புவிய. அப்பம் எங்க அம்மைய என்னதான் செய்யச் சொல்லுதிய?”

கால் மணி நேரம்

அன்றே அவன் சொல்லாமல் ரயிலேறினான். பத்தாம் நாள் வேலை போயிற்று. அந்த உத்தரவையும் நானே அடித்தேன். அதே மாதம் சூப்பரின்டெண்டெண்டுக்குப் பாலக்காட்டிலிருந்து தந்தி: ‘அங்கிள் சீரியஸ்’. மனு இல்லை, சர்ட்டிபிகேட் இல்லை. கால் மணி நேரத்தில் வாசலில் டாக்ஸி நின்றது. விதியை நினைவூட்டினேன். குடையை எடுத்துக்கொண்டே சொன்னார்:

“எங்காத்துல பொய்த்தந்தி அடிக்கற வழக்கம் கிடையாது ஓய்.”

சண்முகம் சொன்ன கதையில் சுடலைமுத்து தாயின் வாயில் பால் ஊற்றினான். பேச்சியம்மாள் சொன்ன கதையில் சாம்பலின்மேல் ஊற்றினான். வேறெதிலும் ஒத்துப்போகாத அவ்விருவரும் டைப் அடித்த குமாஸ்தாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டார்கள் என்பதே, அந்த உத்தியோகத்தில் எனக்குச் சர்ட்டிபிகேட் இல்லாமல் கிடைத்த ஒரே சலுகை.