பெயிண்ட் அடித்து மூடிய ஜன்னல்

டப்ளினில் எங்கள் வக்கீல் ஆபீஸ் இருந்த வீடு, யாரோ ஒரு பிரபு தன் குடும்பத்துக்குக் கட்டினது. கட்டினவருக்கு ஆளுக்குத் தக்க ஜன்னல் என்று ஒரு கணக்கு. விருந்து நடந்த முதல் மாடியில் ஆளுயரத்துக்கும் மேலே ஜன்னல். மேலே போகப் போகச் சுருங்கி, வேலைக்காரர்கள் படுத்த கூரையடி அறையில் தலை நுழைகிற அளவுதான். அந்த அறையில்தான் பிலோமினா பிரண்டியும் அவள் புருஷன் மாலக்கியும் குடியிருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை அவர்களுக்கு. நான் கீழே டைப் அடித்தேன்.

பெரிய முன்கதவும் அதன் மேல் விசிறி மாதிரி விரிந்த கண்ணாடியும் கட்சிக்காரர்களுக்கு. பிலோமினாவும் மாலக்கியும் நிலவறைக் கதவு வழியாகத்தான் வரப்போக இருந்தார்கள். "பிரபு போய்ச் சேர்ந்துட்டான், அவன் சட்டம் மட்டும் சாகலை"ன்னு பிலோமினா சிரிப்பாள்.

ஒரு குளிர்காலத்தில் முதலாளி டிரெல், காற்று உள்ளே வந்து காசு வீணாகிறது என்று எல்லா ஜன்னலையும் இடுக்கு தெரியாமல் பெயிண்ட் அடித்து மூடச் சொன்னார். "கண்ணாடி பத்திரம், இருநூறு வருஷத்துது, இனி கிடைக்காது"ன்னு பத்து தடவை சொன்னார். மாலக்கி முட்டி வலியோடு ஏணி ஏறி அடித்தார். அந்த மனுஷனுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. தன் அறை ஜன்னலையும் விடவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாலக்கி மார்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆபீஸ் லீவுதான்; மிச்ச டைப் வேலைக்காக நிலவறை வழியாக வந்திருந்த நான், பிலோமினா போட்ட சத்தத்தில் மேலே ஓடினேன்.

எங்கள் ஊரில் உயிர் போனதும் முதல் காரியம் ஜன்னலைத் திறப்பது. போகிற உயிருக்கு வழி விட வேண்டாமா? மேலே தூக்கித் திறக்கிற ஜன்னல் அது; பிலோமினா அதன் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. கத்தியால் கீறினாள். பெயிண்ட் கல்லாகிக் கிடந்தது.

"கண்ணாடியை உடைச்சிடு பிலோ" என்றேன்.

கணப்புக் கம்பியை எடுத்தாள், ஓங்கினாள், நின்றுவிட்டாள். "பழைய கண்ணாடி... டிரெல் என்ன சொல்வாரு?"

"டிரெல் கிடக்கறாரு, விடு."

அவள் கம்பியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு நானே உடைத்திருப்பேன், ஆனால் அது மனைவி செய்ய வேண்டியது. அவள் விறுவிறுவென்று படியிறங்கிப் போய் முன்கதவை விரியத் திறந்து வைத்தாள். லீவு நாளுக்குப் போட்டு வைத்திருந்த திருட்டு அலாரம் அலறியது.

டிரெல் காரில் வந்து இறங்கினார். "என்ன இது பிலோமினா? உள்ளே ஃபைலெல்லாம் இருக்கு. யார் உள்ளே வந்தது?"

"யாரும் வரலை. மாலக்கி போறாரு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

டிரெல் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் கூரையடி அறை மீட்டிங் அறையாகிறது என்றார்கள். பிலோமினா தங்கை வீட்டுக்குப் போக மூட்டை கட்டினாள். அவள் கிளம்பின அன்று வாசலில் இடிபாடு அள்ளிப்போடுகிற பெரிய இரும்புத் தொட்டி நின்றது. ஆட்கள் அந்தச் சின்ன ஜன்னலைச் சட்டத்தோடு தூக்கி வந்து அதில் வீசினார்கள். தெருவிலிருந்து தெரியாத ஜன்னல், புதுசு போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? கண்ணாடி உடைகிற சத்தம் சின்னதாகத்தான் கேட்டது.

பிலோமினா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்காகவா," என்றாள், "முட்டி வலிக்கார மனுஷனை அத்தனை படியும் இறங்க வச்சேன்?"