சுடுதண்ணிக் கால்வாயின் கொடுவா

மார்கழி விடியலில், கடற்காற்றுக்குப் பல் கிட்டிக்கொள்ளும் வேளையில், கணுக்கால் வரை ஏறி நின்ற அந்த வெதுவெதுப்பை என் கால்கள் இன்னும் மறக்கவில்லை. சென்னையில் ஏது குளிர் என்று சிரிப்பவர்கள் எண்ணூர்க் கரையில் அந்த மாதத்தில் ஒருநாள் நின்று பார்த்திருக்க வேண்டும். அனல்மின் நிலையத்தின் இயந்திரங்களைக் குளிரவைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிய தண்ணீர் அது. எங்கள் தெருவில் அதற்குச் 'சுடுதண்ணி கால்வா' என்று பெயர். சூட்டுக்கு ஆசைப்பட்டு மடவை மீன் குஞ்சுகள் அங்கே கூட்டமாக ஒதுங்கும், அவற்றை வேட்டையாடக் கொடுவா வரும், கொடுவாவைப் பிடிக்க என் நைனா வருவார்.

நைனா கன்டெய்னர் யார்டில் வெல்டர். பர்மா பஜாரில் 'கப்பல்ல வந்த சரக்கு' என்று சொல்லி ஒருவன் அவர் தலையில் கட்டிய தூண்டில் கோல் அவரிடம் இருந்தது. அதில் சுற்றியிருந்த மஞ்சள் நூலோ துணி உலர்த்தும் கொடிக்கயிறு போல அவ்வளவு தடிமன். வழக்கமான தூண்டில் என்று நினைத்து ஈயக்குண்டு கட்டி வீசினார். குண்டு அவர் முதுகிலேயே வந்து விழுந்தது. பல நாள் பேஜாருக்குப் பிறகுதான், இந்த நூலுக்குத் தன் எடையே போதும், குண்டும் வேண்டாம், இரையும் வேண்டாம், முள்ளில் சேவல் இறகைக் கட்டித் தலைக்கு மேல் முன்னும் பின்னும் சுழற்றி விட்டால் போதும் என்று அவராகவே கண்டுபிடித்தார். "இன்னா நைனா, மாடு ஓட்டுறியா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். அவர் காதில் வாங்கவில்லை. பிடித்த மீனைப் போடும் கூடையோடு நான் பக்கத்தில் நிற்பேன். கூடை பெரும்பாலும் காலியாகவே வீடு திரும்பும்.

அம்மாவுக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். சீப்பில் வரும் சிக்குமுடியைத் தெருப் பெண்கள் சேர்த்துவைத்து, முடி வாங்க வருபவரிடம் கொடுத்துப் பிளாஸ்டிக் குடம் வாங்குவார்கள். அம்மா மட்டும் கொடுக்க மாட்டாள். விரலில் சுருட்டி, த்தூ என்று மூன்று முறை துப்பி, கதவு நிலைக்கு மேலே உள்ள சந்தில் செருகிவைத்து, சந்து நிரம்பியதும் முருங்கை மரத்தடியில் புதைப்பாள். "தலமுடி அடுத்தவங்க கைக்குப் போனா நம்ம உசுரு அவங்க கைல" என்பது அவள் அடிக்கடி சொன்ன சொல். எலுமிச்சம்பழம், மிளகாய் எதையும் நம்பாத நைனா அதைக் கேட்டுச் சிரிப்பார்.

சேவல் இறகு தண்ணீரில் ஊறித் துவண்டுவிடுகிறது என்று, ஒருநாள் நைனா அந்தச் சந்திலிருந்து ஒரு சுருள் முடியை எடுத்து முள்ளில் கட்டினார். கால்வாயில் அது உயிருள்ள குஞ்சு போல நெளிந்தது. அன்றைக்கே கொடுவா கவ்வியது, கோல் வில்லாக வளைந்தது, முள்ளைக் கட்டியிருந்த 'தங்கூஸ்' என்னும் நைலான் நரம்பு அறுந்தது. மீன் போனதைக்கூட நைனா பெருமையாகத்தான் வீட்டில் வந்து சொன்னார். முள்ளில் கட்டியது என்னவென்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "என் முடிய, உசுரோட சுத்தற ஒண்ணு வாய்ல குட்த்துட்டு வந்துகீறியா?" என்று மட்டும் கேட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

பொங்கல் கழிந்ததும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு கண் மஞ்சளானது, பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். டாக்டர் ஈரல் என்று ஏதோ சொன்னார். அம்மா நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மீனப் புட்ச்சினு வாய்யா" என்றாள். எதையும் நம்பாத மனிதர் மறுநாள் விடியலில் கால்வாயில் நின்றார். அதன்பின் கொடுவாக்கள் சிக்காமல் இல்லை. ஒவ்வொன்றின் வாயையும் விரித்து உள்ளே விரலை விட்டுப் பார்ப்பார், கூடையில் போடக்கூடத் தோன்றாமல் கீழே வைத்துவிடுவார். நான்தான் அவற்றை எடுத்துக் கூடையில் போடுவேன்.

கடைசியில் அவர் கதவுச் சந்திலிருந்து இன்னொரு சுருளை எடுத்து, புது முள்ளில் கட்டி, கால்வாய்த் தண்ணீரில் நனைத்து, மீன் செதில் இரண்டை ஒட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "கெட்ச்சிடுச்சிமே" என்றார். அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டு சிரித்தாள். நைனா டீ வாங்கப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "முள்ளு பாரு, புச்சா பளபளன்னு கீது. உங்க நைனாக்குப் பொய் சொல்ல வராது. எனுக்குத் தெரியும்னு சொல்லிடாத, இன்னா?" என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்.

நான் சொல்லவில்லை. நைனா அதற்குப் பிறகும் வருடக்கணக்காக விடுமுறை நாளெல்லாம் கால்வாய்க்குப் போனார், பிடித்தார், வாயைப் பார்த்தார், அப்படியே தண்ணீரில் விட்டார். அம்மாவை ஏமாற்றி அனுப்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு அவரும் ஒருநாள் போய்ச் சேர்ந்தார். அவள் ஏமாறவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் பாரம் குறைந்திருக்குமா, கூடியிருக்குமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இப்போது அந்தப் பழைய மின்நிலையம் இல்லை, புகைபோக்கிகளை இடித்துவிட்டார்கள். கால்வாய்த் தண்ணீர் மற்ற தண்ணீரைப் போலவே குளிர்ந்து கிடக்கிறது, மடவைக் குஞ்சுகள் ஒதுங்குவதில்லை, கொடுவாவும் வருவதில்லை. நான் டோல்கேட் பக்கம் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீன் சந்தைக்குப் போனால், கொடுவாவைப் பார்த்ததும் கை தானாக அதன் வாயை விரித்துவிடுகிறது.

"செவுளப் பாத்து வாங்குமா, வாய்ல இன்னா தேட்ற?" என்று போன வாரம் மீன்காரம்மா கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த மீனை எடுத்தேன்.