சரிவில் நின்ற ஃபிரிட்ஜ்

சிவமுருகன் பள்ளங்கி என்ற மலைக்கிராமத்துக்காரர். பூண்டுத் தோட்டத்தில் வேலை இல்லாத நாளில், சுற்றுலாக்காரர்கள் சமைத்துத் தூங்குகிற கேரவன் வேன் ஓட்டுகிறார். வண்டியின் பேட்டரி நான்கு வருடமாக நோஞ்சான். புதுசு கேட்டால் முதலாளிக்குக் காது கேட்காது. அதனால் எங்கே நிறுத்தினாலும் வண்டி மூக்கு பள்ளத்தைப் பார்த்திருக்கும், சக்கரத்துக்குக் கல் கொடுத்திருப்பார். கல்லை எடுத்தால் உருளும், உருண்டால் ஸ்டார்ட் ஆகும்.

போன மழைக்காலத்தில் அடுக்கம் கிராமத்துப் பக்கம் ஆட்டுக்கொல்லி நோய். மூன்று நாள் தடுப்பூசி முகாமுக்கு, ஃபிரிட்ஜ் இருக்கிற வண்டி என்று இவரைக் கூப்பிட்டார்கள். மருந்துக்குப் பொறுப்பு கால்நடை உதவியாளர் லாவண்யா. எட்டு டிகிரியைத் தாண்டிவிட்டால் அந்த மருந்தை நம்பி ஊசி போட முடியாது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி. ஊசி போட மிச்சம் இருளாயியின் இருபத்திரண்டு ஆடுகள். பக்கத்துப் பட்டியில் ஏழு செத்திருந்தன. அவருக்கு ஆடுகளை விட்டால் வேறு பிழைப்பில்லை. மேய்ச்சலுக்குப் போனவை ஐந்து மணிக்குத்தான் இறங்கும். மரம் விழுந்து ஊரில் கரண்ட் இல்லை. என்ஜினை ஓடவிடலாம் என்றால், டீசல் ஊர் திரும்பத்தான் காணும்.

ஃபிரிட்ஜின் உள்வெப்பத்தை வெளியே காட்டுகிற தெர்மாமீட்டரை லாவண்யா பார்த்தார். “அண்ணே, ஆறரை.”

“பேட்டரி படுத்துருச்சும்மா. கேஸ்ல போடுவோம். கரண்டு, பேட்டரி, கேஸு, மூணுலயும் ஓடும் இது.”

நீலச் சுடர் நின்று எரிந்தது. ஒரு மணி நேரத்தில் ஏழு. பிறகு ஏழரை.

“அடுப்பு எரியுது, பெட்டியும் சுடுது. இது ஃபிரிட்ஜாண்ணே, இட்லிச் சட்டியா?”

சிவமுருகன் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். “நெறையக் கெடக்கே!”

“ஏலே, வெரசா ஏதாச்சும் பண்ணு. மருந்து போச்சுன்னா நானும் போனேன்” என்று வரக்காப்பியை நீட்டினார் இருளாயி.

சிவமுருகன் அதை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். டம்ளர் வழுக்கிக்கொண்டு முன்பக்கம் போய்க் கவிழ்ந்தது.

அப்போதுதான் மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. கேஸில் ஓடும்போது பெட்டி சமமாக நிற்க வேண்டும். சாய்ந்தால் உள்ளே ஓடுகிற திரவம் தேங்கிவிடும், குளிர் பிடிக்காது. “மலையில ஏதுய்யா சமதரை?” என்று அன்றைக்குச் சிரித்தவர் இவர்தான்.

சமதரை இருந்தது. கீழே கோயில் களம்.

“அங்க நிறுத்துனா வண்டி எந்திரிக்காதும்மா. நாளைக்கு வெள்ளனே செண்பகனூர்ல ஆள் ஏத்தணும். இன்னொரு வாட்டி தவறுனா சாவியக் குடுத்துட்டுப் போன்னுட்டாரு மொதலாளி.”

லாவண்யா தெர்மாமீட்டரை மட்டும் வாசித்தார். “ஏழு புள்ளி எட்டு.”

சிவமுருகன் கல்லை உதைத்துத் தள்ளினார்.

களத்தில் என்ஜினை அணைத்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்து, நாலு பக்கமும் விளிம்போடு சமமாக நிற்கிறதா என்று பார்த்தார். கேஸைப் பற்றவைத்தார். “கதவத் தொறந்துராதீங்க.”

ஏழு புள்ளி ஒன்பது. அரை மணி நேரம் அசையவில்லை. பிறகு ஏழு புள்ளி எட்டு. அப்புறம் ஏழரை.

ஐந்து மணிக்கு ஆறு டிகிரி. ஆடுகள் இறங்கின. இருபத்திரண்டு ஊசி.

சிவமுருகன் சாவியைத் திருகினார். டிக் என்ற சத்தத்தோடு சரி.

“எறங்கும்மா, இவன் வண்டிக்கும் ஒரு ஊசி போடு” என்றார் இருளாயி. சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினார். ஊசி போட்ட ஆட்டுக்காரர்கள் பதினைந்து பேர் வந்து வண்டியைத் தள்ளினார்கள். களத்திலிருந்து ரோட்டுச் சரிவுவரை ஏற்றம். இரண்டு முறை பின்னால் வந்த வண்டி, மூன்றாவது முறை மேடேறியது.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு வண்டி செண்பகனூரில் நின்றது. மூக்கு பள்ளத்தைப் பார்த்து.