ஏற்கெனவே விழுந்த மோட்டார்

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு, மூவாரில் ஒரு மோட்டார் சைக்கிள் கடையில் நடந்தது இது.

மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் மெருகு போடும் வேலை எனக்கு. தினமும் எங்களை வேலைக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வேனைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். கணவர் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டுகிறவர், விடியும் முன்பே கிளம்பிவிடுவார். பஸ்ஸை நம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரலாம். மோட்டார் இருந்தால் வேலை, இல்லையென்றால் வீடு. பிள்ளைகள் வளர்ந்த பிறகு நானே தேடிக்கொண்ட வேலை அது, விட மனசே இல்லை. இந்த வயதில், இரண்டு தடவை பெயிலாகி, லைசென்ஸும் எடுத்துவிட்டேன். ஆனால் பயிற்சித் திடலில் ஓட்டியதோடு சரி.

எந்த மோட்டார் என்பதில்தான் வந்தது வினை. கியர் மாற்றி ஓட்டும் புது கப்சாய் மோட்டார்தான் வேண்டும் என்று கணவர் ஒற்றைக் காலில் நின்றார். பெட்ரோல் குடிக்காதாம், பின்னால் விற்றாலும் விலை போகுமாம். கடைக்காரச் சீனர், பெண்களுக்கு இதுதான் அழகு என்று ரோஸ் நிற ஸ்கூட்டர் ஒன்றைக் காட்டினார். அதையும் என் கணவரிடம்தான் சொன்னார். ஓட்டப் போவது யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நம்பர் போடாத புது வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். ஏறி உட்கார்ந்துதான் பார்க்கலாம். நானோ குள்ளம். எதில் ஏறினாலும் நுனிக்கால்தான் தரையில் பட்டது. இவ்வளவு பளபளப்பான வண்டியைக் கீழே போட்டுவிட்டால் என்ற நினைப்பிலேயே ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டேன்.

கணவர் மெதுவாகச் சொன்னார்: "பயமா இருந்தா விட்டுடு லா. நீ வேலைக்குப் போய்த்தான் ஆகணுமா?"

அக்கறையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அந்த நேரம் டயர் மாற்றிக்கொண்டு கிளம்ப இருந்த மலாய்க்காரப் பெண் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர். என்னைவிடவும் குள்ளம். நேராக என்னிடம் வந்து தன் வண்டிச் சாவியைக் கையில் வைத்து, கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்றார். பழைய கப்சாய், உடம்பெல்லாம் கீறல். ஆனால் அவருக்குச் சோறு போடுவதே அதுதான். கீழே போட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஜாத்தோ பியாசா லா, காக்."

விழுவதெல்லாம் சகஜம் அக்கா என்று சிரித்தார். ஒவ்வொரு கீறலும் எங்கே விழுந்தது என்று வேறு காட்டினார். நிற்கும்போது இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை ஊன்றினால் போதும், இரண்டு காலும் எட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றார்.

ஓட்டினேன். சந்து முனையில் திரும்பும்போது இன்ஜின் நின்று வண்டி சாய்ந்தது. இடுப்பை நகர்த்தி ஒரு காலை ஊன்றினேன். விழவில்லை. பாவம், கணவர்தான் என்னைப் பிடிக்க ஓடி வந்ததில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு நின்றார்.

சாவியைத் திருப்பிக் கொடுத்ததும், பழைய மோட்டார் ஏதாவது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் நானே கேட்டேன். புதுசு வாங்காவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கணவர் முகம் சுளித்தார்.

"அந்த நாலு பேரா ஓட்டப் போறாங்க? ஏற்கெனவே விழுந்த மோட்டாரா இருந்தா எனக்குப் பயமில்லாம இருக்குங்க."

கணவர் சிரித்துவிட்டார். கீறல் விழுந்த நீல நிறக் கப்சாய் ஒன்றை எடுத்தோம். அதற்குள் அந்தப் பெண் அடுத்த ஆர்டருக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை.

முதல் வாரமே தொழிற்சாலை வாசலில், அத்தனை பேர் பார்க்க, வண்டியோடு சாய்ந்தேன். எழுந்து, வண்டியையும் தூக்கி நிறுத்திவிட்டு, நேரத்துக்கு வேலைக்குப் போனேன்.

பயம் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், மழை நாளில் இன்னும் ஓரமாக ஊர்ந்துதான் போவேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் தன் பிழைப்பையே தூக்கி என் கையில் கொடுத்தாரே, அவர் என்னை நம்பிய அளவுக்காவது நான் என்னை நம்ப வேண்டாமா என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் வண்டியைக் கிளப்புகிறேன்.